கண்ணெதிரே இருக்கும் சொல் தேடினால் ஏன் கிடைப்பதில்லை: மாற்றிய தமிழ் மின்னூல்களைச் சரிசெய்வது எப்படி

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1950களில் அச்சான ஒரு தமிழ்ப் புத்தகத்தின் பிடிஎஃப் உங்களிடம் இருக்கிறது. அதை அப்படியே கிண்டில் என்ற மின்னூல் வாசிப்புக் கருவியில் ஏற்றினால் எழுத்து மங்கலாகவும் பொடியாகவும் தெரிகிறது. காலிபர் என்ற மின்னூல் மென்பொருளில் இபப் என்ற மின்னூல் வடிவத்துக்கு மாற்றி ஏற்றினால் வரிகள் உடைந்து கிடக்கின்றன, ‘பொருள்’ என்ற சொல் பக்கத்திலேயே இருந்தும் தேடினால் இல்லை என்கிறது. எந்த அமைப்பை மாற்ற வேண்டும் என்பது உங்கள் கேள்வி.

கிண்டிலில் எந்த அமைப்பையும் தொட வேண்டாம். கோளாறு கோப்புக்குள் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிவது ஒன்று, கருவி தேடுவது இன்னொன்று. பிடிஎஃப்பில் நீங்கள் பார்ப்பது பக்கத்தின் படமாகவோ எழுத்து வடிவங்களின் கோவையாகவோ இருக்கும். தேடல் நடப்பதோ அதற்குப் பின்னால் இருக்கிற குறியீடுகளில். இரண்டும் ஒத்துப்போனால்தான் சொல் கிடைக்கும். ஆங்கிலத்தில் இவை பெரும்பாலும் ஒத்துப்போய்விடுவதால் யாரும் இதைக் கவனிப்பதில்லை. தமிழில் ஒத்துப்போகாமல் இருக்க நாலைந்து தனித்தனிக் காரணங்கள் உண்டு, மருந்தும் ஒவ்வொன்றுக்கும் வேறு. எனவே முதலில் உங்கள் கோப்புக்கு எந்தக் காரணம் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்கு ஒரு நிமிடம் போதும். கணினியில் பிடிஎஃப்பைத் திறந்து ஒரு பத்தியைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்து, நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். எதுவுமே ஒட்டவில்லை என்றால் அது வெறும் படம். தமிழ் இல்லாமல் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்து வந்தால் அது பழைய எழுத்துரு. தமிழாகவே வந்து, ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறி நின்றால் அது வரிசைக் கோளாறு. தமிழாகவும் ஒழுங்காகவும் வந்து இங்கங்கே எழுத்துகள் தப்பாக இருந்தால், ஏற்கெனவே யாரோ ஓசிஆர் (படத்தில் இருக்கும் எழுத்தை மென்பொருள் படித்து உரையாக்குவது) செய்து உரையைப் படத்துக்கு அடியில் வைத்திருக்கிறார்கள் என்று பொருள். உங்களுடையது கடைசி வகை என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் ஒட்டிப் பார்த்துவிட்டு மேலே போங்கள், ஊகத்தில் வேலையைத் தொடங்கி இரண்டு நாள் வீணாக்கியவர்கள் நிறையப் பேர்.

பழைய எழுத்துரு வகையை முதலில் முடித்துவிடுகிறேன். எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடு பரவலாகும் முன் பாமினி, வானவில், ஸ்ரீலிபி, டிஸ்கி, 1999இல் வந்த டாப், டாம் என்று ஒவ்வொருவரும் ஒரு முறையில் தட்டச்சு செய்தார்கள். பாமினியில் ‘தமிழ்’ என்பது உண்மையில் ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி. எழுத்துரு அந்த ஐந்துக்கும் தமிழ் வடிவம் போட்டுக் காட்டுகிறது, அவ்வளவுதான். தேடலுக்கு அங்கே தமிழே கிடையாது. இந்த மாதிரிக் கோப்பை இபப்பாக்கி எழுத்துருவை விட்டுவிட்டால் திரை முழுக்கக் குப்பை. பிடிஎஃப் வாசிப்பானில் ஆவணப் பண்புகளைத் திறந்து எழுத்துருப் பட்டியலைப் பார்த்தால் பெயர் தெரிந்துவிடும். பெயர் தெரிந்தால் என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற ஒரு மாற்றியில் கொடுத்து யூனிகோடாக்கலாம். ஒன்றே ஒன்றில் கவனம் வேண்டும். பத்திக்குள் உண்மையான ஆங்கிலச் சொல் இருந்தால் மாற்றி அதையும் தமிழாக்கிக் குதறிவிடும். வேர்டு கோப்பு கிடைத்தால் எழுத்துரு வாரியாகப் பிரித்துத் தமிழ்ப் பகுதியை மட்டும் மாற்றுங்கள்.

வரிசைக் கோளாறுதான் ‘பொருள்’ விஷயத்தில் அதிகம் நடப்பது. யூனிகோடில் ‘பொ’ என்பது ப முதலில், ஒகரக்குறி அடுத்து. அச்சில் நாம் பார்ப்பது கொம்பு, ப, கால் என்ற வரிசை. பிடிஎஃப் பல நேரம் இந்தக் கண் வரிசையிலேயே எழுத்துகளை வைத்திருப்பதால், உரையை உருவும்போது ‘ெபாருள்’ என்று வருகிறது. சில எழுத்துருக்களில் இது கிட்டத்தட்ட சரியாகவே தெரியும், சிலவற்றில் கொம்புக்குப் பக்கத்தில் புள்ளி வட்டம் தெரியும். இதைத் திருத்த காலிபரின் எடிட்டரிலோ சிகில் என்ற இபப் திருத்தியிலோ ரெஜெக்ஸ் தேடலை (எழுத்துகளின் அமைப்பை விதியாகக் கொடுத்துத் தேடி மாற்றுவது) போட்டு, கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக்குறி மூன்றில் எது வந்தாலும் அடுத்து வரும் மெய்யெழுத்துக்குப் பின்னால் தள்ளுங்கள். பிறகு எகரக்குறியும் காலும் அடுத்தடுத்து நிற்பதை ஒகரக்குறியாகவும், ஏகாரக்குறியும் காலும் நிற்பதை ஓகாரக்குறியாகவும் சேர்த்துவிடுங்கள்.

இதை ஒரே ஒரு தடவைதான் ஓட்ட வேண்டும். இரண்டாம் தடவை ஓட்டினால் சரியாகிவிட்ட ‘பெரிய’ என்பதில் இருக்கிற கொம்பு ரகரத்துக்குப் பின்னால் ஓடிப்போகும். பாதி சரி, பாதி தப்பு என்று கலந்து கிடக்கும் கோப்பிலும் இதே ஆபத்து. எனவே முதலில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஔகாரத்தை மட்டும் தானியங்கியாகச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். கொம்பும் ளகரமும் சேர்ந்தால் ஔகாரக்குறி என்று விதி போட்டால் ‘வெளியே’ என்பது ‘வௌியே’ ஆகிவிடும். இணையத்தில் செய்திகளில்கூட இந்த ‘வௌியே’ நிறையக் கண்ணில் படும். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், தேடினால் கிடைக்காது. கௌரவம், மௌனம், பௌர்ணமி என்று ஔகாரம் வரும் சொற்கள் ஒரு புத்தகத்தில் கொஞ்சம்தான் இருக்கும், அவற்றைக் கையால் பார்த்துவிடலாம்.

இனி மங்கல். ஏ4 பக்கத்தின் அகலம் 8.27 அங்குலம். ஆறு அங்குலக் கிண்டிலின் திரை அகலம் 3.6 அங்குலம். முழுப் பக்கத்தையும் அதில் அடக்கினால் 12 புள்ளி எழுத்து ஐந்து புள்ளி அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அங்குலத்துக்கு 300 பிக்சல் (பிபிஐ) திரையானாலும் ‘ண’கரத்தின் சுழியும் ‘ன’கரத்தின் சுழியும் அந்த அளவில் ஒட்டிக்கொள்ளும். அதோடு மின்தாள் திரை 16 சாம்பல் நிலைகளைத்தான் காட்டும், பழுப்பேறிய தாளின் நிறம் அதில் சாம்பல் பூச்சாக மாறி எழுத்தின் கருமையைத் தின்கிறது. உடனடி நிவாரணத்துக்கு இரண்டு வழி. கிண்டிலில் பிடிஎஃப் திறந்திருக்கும்போது கான்ட்ராஸ்டைக் கூட்டி, திரையைப் படுக்கை வாட்டத்தில் வைத்துப் படியுங்கள். அல்லது கே2பிடிஎஃப்ஆப்ட் என்ற கருவியில் கொடுத்தால் அது ஓரங்களை வெட்டி, சொற்களைப் படத்துண்டுகளாக எடுத்துச் சின்னத் திரைக்கேற்ப மறுபடி அடுக்கித் தரும். படிக்க மிக நன்றாக இருக்கும். ஆனால் அது தருவது வழக்கமாகப் படம்தான், தேடல் போய்விடும். நாவலுக்குப் பரவாயில்லை. நீங்கள் கேட்பதுபோல் சொல்லைத் தேடிப் போக வேண்டிய புத்தகத்துக்கு இது உதவாது.

நிரந்தரத் தீர்வு ஸ்கேனிலிருந்தே தொடங்க வேண்டும். புத்தகம் கையில் இருந்தால் 300 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 300 புள்ளி) குறையாமல், சாம்பல் நிறத்தில் மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். அப்புறம் ஸ்கேன் டெய்லர் என்ற மென்பொருளில் சாய்வை நிமிர்த்தி, ஓரத்தை வெட்டி, கறுப்பு வெள்ளையாக்கலாம். இந்த இடத்தில்தான் தமிழுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

என் அப்பா வைத்திருந்த ஒரு தலபுராண உரையை ஒரு கடையில் கொடுத்து ஸ்கேன் செய்து வாங்கினேன். பளிச்சென்று, ஒரு கறை இல்லாமல் கொடுத்தார்கள். ஓசிஆர் செய்து பார்த்தால் ‘கண்’ எல்லாம் ‘கண’, ‘வந்தான்’ எல்லாம் ‘வநதான’. ஓசிஆரைத் திட்டிக்கொண்டு இரண்டு மாலை போயிற்று. பிறகுதான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், மெய்யெழுத்துகளின் தலையில் புள்ளியே இல்லை. 150 டிபிஐயில் எடுத்திருக்கிறார்கள், அந்த அளவில் புள்ளி என்பது இரண்டு மூன்று பிக்சல்தான். பிறகு தூசி நீக்கும் வசதியைப் பலமாக வைத்து ஓட்டியிருக்கிறார்கள். மென்பொருளுக்குத் தூசியும் புள்ளியும் ஒன்றுதான். உயிர்மெய் எது, மெய் எது என்று சொல்வதே புள்ளிதான், அது போனால் எந்த ஓசிஆரும் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆய்த எழுத்துக்கும் இதே கதி. எனவே தூசி நீக்கலை அணைத்துவிடுங்கள், மிகத் தேவையென்றால் ஆகக் குறைந்த நிலையில் வையுங்கள். பக்கத்தில் நாலு கறை இருந்தால் இருக்கட்டும்.

கோப்பைச் சிறிதாக்குகிறேன் என்று ஜேபிஐஜி2 சுருக்கத்தை இழப்புள்ள முறையில் போடுவதும் இப்படித்தான். அது ஒன்றுபோல் தெரியும் எழுத்துகளுக்கு ஒரே படத்தை எல்லா இடத்திலும் போட்டு இடத்தை மிச்சம் பிடிக்கிறது. 2013இல் ஜெர்மானியக் கணினி அறிஞர் டேவிட் கிரீசல், ஜெராக்ஸ் நகல் இயந்திரங்கள் சில ஸ்கேனில் எண்களையே மாற்றிவிடுவதைக் கண்டுபிடித்துச் சொன்னார், 6 இருந்த இடத்தில் 8 வந்தது. காரணம் இந்தச் சுருக்கம்தான். ன, ண போல, ர, கால் போல நெருங்கிய வடிவங்கள் இருக்கிற நமக்கு இது இன்னும் ஆபத்து. இழப்பில்லாத முறையைத் தேர்ந்தெடுங்கள்.

ஓசிஆருக்கு நான் பயன்படுத்துவது இரண்டு. பக்கப் படங்களைக் கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறந்தால் உரை கீழே வந்துவிடும். தமிழை நன்றாகவே படிக்கிறது, ஆனால் கோப்பு 2 எம்பிக்குள் இருக்க வேண்டும் என்று அவர்களே சொல்வதால் சிறு துண்டுகளாக்கிக் கொடுக்க வேண்டும். கணினியிலேயே செய்வதென்றால் டெசராக்ட் என்ற ஓசிஆர் மென்பொருள், நான்காம் பதிப்புக்குக் குறையாமல், தமிழ்த் தரவில் ‘பெஸ்ட்’ என்ற வகையை இறக்கிக்கொள்ளுங்கள். பக்கத்தின் தோற்றம் அப்படியே இருக்கத் தேடல் மட்டும் வேண்டும் என்றால் ஓசிஆர்மைபிடிஎஃப் போதும், அது டெசராக்டை வைத்துப் படத்துக்கு அடியில் உரை அடுக்கு ஒன்றைப் போட்டுத் தரும். ஏற்கெனவே குப்பையான அடுக்கு இருந்தால் அதை ஒதுக்கிவிட்டுப் புதிதாகச் செய்யச் சொல்லும் விருப்பம் அதில் உண்டு, அதைக் கொடுக்க மறந்தால் ‘உரை ஏற்கெனவே இருக்கிறது’ என்று நின்றுவிடும்.

உங்கள் புத்தகம் 1950களுடையது என்பதால் ஒன்று நிச்சயம் நடக்கும். 1978இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் ணா, றா, னா ஆகியவற்றுக்கும் ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கும் வேறு வடிவம். ஓசிஆர் அவற்றைத் தனக்குத் தெரிந்த பக்கத்து எழுத்தாகப் படிக்கும். ‘என்றான்’ என்பது ‘என்ருன்’ ஆகும், ‘கண்ணாடி’ என்பது ‘கண்ணுடி’, ‘இல்லை’ என்பது ‘இல்லே’, ‘அவனை’ என்பது ‘அவனே’. நீங்கள் ‘என்றான்’ என்று தேடினால் முழுப் புத்தகத்திலும் ஒன்றுகூடக் கிடைக்காது, காரணம் இதுதான். இதில் சிலவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம். தமிழ்ச் சொல்லில் னகர மெய்யை அடுத்து ரகரம் இயல்பாக வராது, அதனால் ‘ன்ரு’ என்று எங்கே இருந்தாலும் ‘ன்றா’ என்று மாற்றுவது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் ‘அவனே’ நல்ல தமிழ்ச் சொல், ‘இல்லே’ உரையாடலில் வரும். இவற்றை ஒவ்வொன்றாகப் படத்தோடு ஒப்பிட்டுத்தான் மாற்ற வேண்டும். குறுக்கு வழி இல்லை.

அடுத்தது வரி உடைவு. காலிபர் பிடிஎஃப்பை மாற்றும்போது வரிகளைச் சேர்க்க ஓர் எண் வைத்திருக்கிறது, இயல்பாக 0.45. அதைச் சற்று மாற்றி ஓட்டிப் பார்த்தால் பத்திகள் ஓரளவு ஒட்டும். ஆனால் அதனால் தீராத ஒன்று நம் பழைய புத்தகங்களில் உண்டு. வரி முடிவில் சொல்லை உடைக்கும்போது பல அச்சகங்களில் இணைப்புக்கோடு போடவே மாட்டார்கள். ‘வந்திருக்கி’ என்று ஒரு வரி முடியும், ‘றார்கள்’ என்று அடுத்த வரி தொடங்கும். வரியைச் சேர்க்கும்போது நடுவில் ஓர் இடைவெளி விழுந்து, சொல் இரண்டாகிவிடுகிறது. பக்கத்துக்கு நாலைந்து இப்படி இருந்தால் முந்நூறு பக்கத்தில் ஆயிரத்துக்கு மேல் சொற்கள் தேடலுக்குக் கிடைக்காமல் போகின்றன.

இதற்கு நம் இலக்கணமே கைகொடுக்கிறது. தமிழில் ண, ன, ற, ழ, ள ஆகியவற்றில் எந்தச் சொல்லும் தொடங்காது. புள்ளி வைத்த மெய்யிலும் தொடங்காது, ‘ஸ்’, ‘ப்ர’ போன்று வெளியிலிருந்து வந்தவை தவிர. எனவே இடைவெளிக்கு அடுத்து இந்த ஐந்தில் ஒன்றோ, புள்ளி வைத்த மெய்யோ வந்தால் அந்த இடைவெளியை நீக்கச் சொல்லி ஒரு ரெஜெக்ஸ் போடுங்கள், உடைந்த சொற்களில் கணிசமானவை ஒரே ஓட்டத்தில் ஒட்டிவிடும். எழுத்துகளைப் பற்றிப் பேசும் இலக்கண நூலாக இருந்தால் மட்டும் இதைச் செய்யாதீர்கள், அங்கே ‘ழ’ தனியாக நிற்கும். சொல்லின் முடிவை வைத்து இதே மாதிரி விதி போடலாமே என்று தோன்றும். போடக் கூடாது. ‘மரத்தைப் பார்த்தான்’ என்பதில் ஒற்று மிகுந்து சொல் ‘ப்’பில் முடிகிறது, அது சரியான தமிழ், அதை ஒட்டினால் கெட்டுப்போகும். மிச்சம் இருப்பவற்றைப் படிக்கும்போதே திருத்துங்கள்.

உருவத்தால் ஏமாற்றும் எழுத்துகளையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். தமிழ் எண் ௧ க போல, ௨ உ போல, ௭ எ போல, ௮ அ போல இருக்கும். பழைய புத்தகத்தில் இந்த எண்கள் உண்மையாகவே இருக்கும், ஓசிஆர் சில நேரம் எழுத்தை எண்ணாகவும் எண்ணை எழுத்தாகவும் எடுத்துக்கொள்ளும். ஓர் ‘என்ன’ எண் ஏழில் தொடங்கினால் உங்கள் கண் அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. காலிபர் எடிட்டரில் கருவிகளுக்குள் அறிக்கைகள் என்று ஒன்று இருக்கிறது, அதில் புத்தகத்தில் பயன்பட்ட எழுத்துகள் அத்தனையும் எண்ணிக்கையோடு பட்டியலாக வரும். அங்கே தமிழ் எண்கள் எத்தனை இடத்தில் இருக்கின்றன என்று பார்த்து ஒவ்வொன்றாகப் போய்வாருங்கள். எழுத்துகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் இணைப்பான் குறியீடுகளும் அந்தப் பட்டியலில் மாட்டும், அவற்றை மொத்தமாக நீக்கிவிடலாம். ‘ஊ’ உகரமும் ளகரமுமாகப் பிரிந்து கிடப்பதும், ஔ ‘ஒள’ ஆகிக் கிடப்பதும் இதே ரகம்.

இபப் தயாரானதும் விவரங்களில் மொழியைத் தமிழ் என்று வையுங்கள், ஆங்கிலம் என்று விட்டுவிட வேண்டாம். கட்டம் கட்டமாகத் தெரிந்தால் காலிபரின் தோற்றப் பகுதியில் நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற ஒரு யூனிகோடு எழுத்துருவைப் புத்தகத்துக்குள்ளேயே பதித்து, கருவியில் பதிப்பாளர் எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். புத்தகத்தில் வரைபடமோ அட்டவணைப் படமோ இருந்தால் வெளியீட்டுக் கருவியாக ‘டேப்லெட்’ என்பதை வையுங்கள், அது படங்களைச் சுருக்காது. கிண்டிலுக்கு ‘சென்ட் டு கிண்டில்’ வழியாக இபப்பையே அனுப்பலாம், 2022 முதல் அது ஏற்கப்படுகிறது, மோபி என்ற பழைய வடிவம் தேவையில்லை.

இவ்வளவையும் தொடங்கும் முன் ஒரு பத்து நிமிடம் செலவழித்து, அந்தப் புத்தகம் ஏற்கெனவே உரையாக இருக்கிறதா என்று பாருங்கள். மதுரைத் திட்டம் 1998 முதல் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறது. விக்கிமூலத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் பல, பக்கப் படமும் உரையும் அருகருகே கிடைக்கின்றன. அங்கே சிவப்பு என்றால் பக்கம் இன்னும் மெய்ப்புப் பார்க்கப்படவில்லை, மஞ்சள் என்றால் ஒருவர் பார்த்துவிட்டார், பச்சை என்றால் இன்னொருவரும் சரிபார்த்துவிட்டார். உங்கள் நூல் அங்கே சிவப்பில் கிடந்தால் நீங்கள் வீட்டில் செய்யப்போகும் திருத்தத்தை அங்கேயே செய்யுங்கள். வேலை அதேதான், பலன் எல்லோருக்கும்.

கிண்டிலில் ஏற்றிய உடனே தேடிவிட்டு இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். கருவி புத்தகத்தை உள்ளே அட்டவணைப்படுத்தி முடிக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும், பெரிய புத்தகம் என்றால் சார்ஜில் போட்டு இரவு விட்டுவிடுங்கள். ‘மரம்’ என்று தேடினால் ‘மரத்தில்’ வராது என்பதும் நினைவிருக்கட்டும், மகரம் போய் அத்துச் சாரியை வந்துவிடுகிறது, எனவே இரண்டு வடிவத்தையும் தனித்தனியாகத் தேடிப் பாருங்கள். தமிழில் தட்டச்சு செய்ய வழியில்லாத கருவி என்றால் பக்கத்தில் இருக்கிற சொல்லையே அழுத்திப் பிடித்துத் தேர்ந்தெடுத்து அங்கிருந்து தேடுங்கள். இதில் ஒரு சோதனையும் அடங்கியிருக்கிறது. இப்படித் தேர்ந்தெடுத்துத் தேடும்போது சொல் கிடைத்து, நீங்களே தட்டச்சு செய்யும்போது கிடைக்கவில்லை என்றால் கோப்பில் இருக்கிற குறியீடு வேறு என்பது உறுதி.

ஒட்டிப் பார்த்ததில் வந்த ஒரு பத்தியையும், எழுத்துருப் பட்டியலில் இருக்கும் பெயரையும் எழுதுங்கள். இரண்டும் இருந்தால் எந்த ரெஜெக்ஸை எந்த வரிசையில் ஓட்ட வேண்டும் என்று உங்கள் கோப்புக்கே சரியாகச் சொல்லிவிடுகிறேன்.